ஸ்டீபன் அண்ணன் இந்த வருஷம் எந்த டீம்

அவரோடு ஒரு நாளும் பந்தைத் தொடாத நான் இந்த நினைவு மலரில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மயிலாப்பூர் மைதானத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கூடைப்பந்து வீரர்களின் பெயர்களை மைக்கில் வாசிப்பவள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். நாலு பேர் எதிரே நின்றால் எனக்குக் குரல் வராது. மைக் இருந்தால் வரும். எல்லோரும் ஒலிபெருக்கியைத்தானே பார்ப்பார்கள்.

ஸ்டீபன் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்ற செய்தி காலையில் வாட்ஸ்அப்பில் வந்தது. பேருந்து அடையாறு பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. கீழே தண்ணீரில் பனி இன்னும் கலையவில்லை. நான் இருக்கிற ஒவ்வொரு குழுவிலும் ஒரு படம். ஒன்றில் நீலச் சட்டை, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பச்சை. பாதித் தூக்கத்தில் இருந்த எனக்கு, ஒரே முகமுள்ள பல பேர் ஒரே இரவில் போய்விட்டதாகத் தோன்றியது.

பந்தைத் தட்டிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவரைத்தான் கார்டு என்பார்கள். சாந்தோம் குப்பத்தில் பிறந்த அண்ணனுக்கு அதுவே பிழைப்பு. ஒரு வங்கி அணியில் ஒப்பந்தம், அது முடிந்ததும் கேரளத்தில் ஒரு கிளப், மாலத்தீவில் ஒரு பருவம், மறுபடி சென்னை. எங்கும் வேலை நிரந்தரமாகவில்லை. மாலத்தீவு எப்படி இருந்தது என்று கேட்டேன். “கோர்ட்ட சுத்தி கடலும்மா. பந்து அவுட்ல போனா நீஞ்சிப் போய் எட்த்துகினு வரணும்” என்றார். ரொம்ப நாள் அதை நம்பினேன்.

ஒவ்வொரு பருவமும் பெயர் வாசிக்கும் முன் அவரிடம் ஓடுவேன். “அண்ணா, இந்த வருஷம் எந்த டீம்?” அவர் திரும்பி நின்று, சட்டையில் எழுதியிருக்கும் அணிப் பெயரைக் காட்டி, “முதுகப் பாத்துப் படிம்மா” என்பார். ஒரு தடவை, இப்படி மாறிக்கொண்டே இருப்பது கஷ்டமாக இல்லையா என்று கேட்டுவிட்டேன். “எந்த டீமா இருந்தா இன்னா, ரிங்கு அதே பத்தடி ஒசரத்துலதான கீது.”

முரளி அண்ணனை உங்களுக்குத் தெரியும். வங்கி அணியில் இருவரும் சேர்ந்து ஆடியவர்கள். முரளி அண்ணன் வலது மூலையில் நின்று “நைனா” என்பார். ஸ்டீபன் அண்ணன் திரும்பிப் பார்க்கவே மாட்டார். பந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

பிறகு ஓர் இறுதி ஆட்டம். இப்போது ஸ்டீபன் அண்ணன் வேறு அணியில், வங்கிக்கு எதிராக. சூரியன் இறங்கி, கோயில் பக்கமிருந்து மணிச் சத்தம் காற்றில் வந்து போய்க்கொண்டிருந்த நேரம். புள்ளிகள் சமம். கடைசிப் பந்து அவர் கையில். அப்போது என் மேசைக்கு அருகில், அந்த வலது மூலையிலிருந்து, வீட்டுக்குள் ஒருவரைக் கூப்பிடுவது போல மெதுவாக ஒரு குரல்: “நைனா.” அவர் பார்க்காமல் எறிந்தார். பந்தைப் பிடித்த முரளி அண்ணனும் ஒரு கணம் ஓடவில்லை. யார் எந்த அணி என்று இருவருக்குமே மறந்துபோன கணம் அது. பிறகுதான் முரளி அண்ணன் ஓடினார், கூடையில் போட்டார், வங்கி ஜெயித்தது.

“யோவ் ஸ்டீபன், நீ எந்த டீமுக்குய்யா ஆட்ற?” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். வாரம் முடிவதற்குள் அந்தச் சிரிப்பு, “காசு வாங்கிட்டான்பா” என்று மாறியிருந்தது. அதன் பின் எந்த அணியும் அவரை அழைக்கவில்லை.

மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் அவரிடம் சொன்னேன். “அண்ணா, முரளி அண்ணன் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. கமிட்டில சொல்லட்டுமா?”

“இன்னான்னு சொல்வ? ஏமாத்திட்டான்னா? அவன் ஏமாத்தலம்மா. அவனுக்கு வாய்ப் பழக்கம், எனக்குக் கைப் பழக்கம். நீ பேர மட்டும் படி.” டீயை ஊதிக் குடித்தார். நானும் பேர் மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

சாந்தோமில் அடக்கத்தன்று என் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். “நல்ல பிளேயர் மச்சி. அந்த மேட்ச விக்காம இருந்திருந்தா எங்கியோ போயிருப்பான்.” திரும்பிச் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. முன்னால் நின்ற அண்ணனின் மனைவிக்கு அது நிச்சயம் கேட்டிருக்கும். அவர் தலையில் போட்டிருந்த முந்தானையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு சின்னப் பழக்கம். யார் பெயரை வாசித்தாலும், அணியைச் சொல்வதற்கு முன் இப்போது கொஞ்சம் நிறுத்துகிறேன். அந்த இடைவெளியில் அந்த மனிதர் யாருக்கும் சொந்தமில்லாமல், தானாக மட்டும் நிற்கிறார்.

முரளி அண்ணா, ஞாயிற்றுக்கிழமை நினைவு ஆட்டத்துக்கு நீங்கள் வருவீர்கள். மைக்கில் எதுவும் பேச வேண்டாம். அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அண்ணி என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஆட்டம் தொடங்கும் முன் நான் ஸ்டீபன் அண்ணன் பெயரை வாசிப்பேன். அணியைச் சொல்ல மாட்டேன். அப்போது நீங்கள் அந்த வலது மூலைக்குப் போய், கையை நீட்டி, ஒரே ஒரு தடவை “நைனா” என்று கூப்பிடுங்கள். இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி.