குணாண்ணனின் படமில்லாத பாட்டு

குணாண்ணன் போய்விட்டார்.

நேற்று விடிகாலை, மாரடைப்பு. இன்று மதியம் லாயாங் லாயாங் ஊரில் அவர் பிறந்த வீட்டிலிருந்து எடுத்தாகிவிட்டது. இப்போதுதான் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு இதை டைப் பண்ணுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கித்தாரும் கையுமாக, அமெரிக்கச் சோகப் பாட்டான ப்ளூஸைத் தமிழில் பாடிய மனுஷன். எந்த கம்பெனியும் பின்னால் கிடையாது. எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது, ஆம்ப்ளிஃபையர் தூக்குவது எல்லாம் அவரேதான். ஜேபியில், அதாவது ஜொகூர் பாருவில், குடியிருந்து, மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் ஃபேக்டரிக்குப் போய் வந்தவர். வீக்கெண்டில் பாட்டு. நான் அவர் பக்கத்தில் கஹோன் என்கிற மரப்பெட்டிமேல் உட்கார்ந்து தாளம் தட்டிய வாணி.

ப்ளூஸ் எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். கூட வேலை செய்த பிலிப்பீனோ நண்பர் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிவிட்டாராம்.

"கேட்டதும் சிரிச்சிட்டேன் வாணி. மொத வரி பாடுறான். அதையே மறுபடி பாடுறான். மூணாவது வரில போட்டுத் தாக்குறான். எங்கம்மா திட்டுறது அப்படியேதான்லா!"

அன்றிலிருந்து அப்படித்தான் எழுதினார்.

'மழை பெஞ்சா ரயிலு லேட்டு...
மழை பெஞ்சா ரயிலு லேட்டு...
நேரத்துக்கு நான் வந்தாலும் உன் வீட்டுக் கதவு பூட்டு.'

படித்தால் சிரிப்பு வரும். அவர் இழுத்துப் பாடினால் வராது.

ஆனால் நம்ம ஜனம் சொந்தப் பாட்டைக் கேட்குமா? கல்யாண டின்னருக்குக் கூப்பிடுவார்கள். சினிமாப் பாட்டு பாடும்வரை கைதட்டல். "அடுத்தது நான் எழுதின பாட்டு" என்று சொன்னால் போதும்... மொத்த மண்டபமும் பிரியாணி பக்கம் எழுந்து போய்விடும்.

சிம்பாங் ரெங்கத்தில் ஒரு கல்யாணம். அன்றைக்கு அண்ணன் மைக்கைப் பிடித்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "அடுத்து ஒரு பழைய படப் பாட்டு" என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ரயில் பாட்டை முழுசாகப் பாடினார். முடிந்ததும் ஒரு ஆண்ட்டி வந்து, "அலமாக், எவ்ளோ நாளாச்சு தம்பி இந்தப் பாட்டக் கேட்டு! எங்கப்பா ரேடியோல போட்டா நாங்க எல்லாம் நின்னு கேப்போம்" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர் அவருக்கு. நான் கஹோனுக்குப் பின்னால் குனிந்து சிரித்த சிரிப்பு...

அதற்குப் பிறகு அதுவே வழக்கம். எங்கே போனாலும் 'பழைய படப் பாட்டு'. எந்தப் படம் என்று கேட்டால், "பேரு மறந்து போச்சுங்க" என்பார். கேட்டவர்களே ஒரு படத்தின் பேரைச் சொல்லி, தங்களுக்குள் சண்டையும் போட்டுக்கொள்வார்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜேபியில் ஒரு கஃபேயில் ஓபன் மைக். எல்லோரும் சொந்தப் பாட்டு பாடுகிற இடம். அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம், "இது நானே எழுதினது" என்று சொல்லிவிட்டுப் பாடினார்.

முன்னால் உட்கார்ந்திருந்த அங்கிள் பாதியிலேயே கையைத் தூக்கிவிட்டார். "தம்பி, பொய் சொல்லாதீங்க. இது பழைய பாட்டு. போன மாசம் என் மருமக கல்யாணத்துலகூட பாடினாங்க."

பாடினதே இவர்தான்! சொன்னால் யார் நம்புவது?

வெளியே வந்ததும், "பொய் சொன்னது நீங்க, அனுபவிங்க" என்று நான் கிண்டல் பண்ணினேன். அண்ணனும் சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

"என் பாட்ட நானே திருடிட்டேன் பாத்தியா" என்றார். கித்தாரைப் பையில் போட்டுக்கொண்டே, "பேரு, புகழு எல்லாம் வேணாம் வாணி. ஒரே ஒரு ஆளு கேட்டுட்டு, 'குணா, இத நீயா எழுதின?'ன்னு கேட்டா போதும்."

பிறகு பாட்டுகளை ஆன்லைனில் போட்டார். கேட்டது நாங்கள் நாலைந்து பேர்தான். அதற்காக எழுதுவதை நிறுத்தவில்லை. போன வாரம்கூட வாய்ஸ் மெசேஜில் ஒரு புது மெட்டு வந்தது. வேலையாக இருந்ததால் ஒரு தம்ஸ்-அப் மட்டும் போட்டேன். போன் பண்ணியிருக்கலாம்...

இன்று வீட்டில் தேவாரம் முடிந்து, வாய்க்கரிசி போட வரிசை போய்க்கொண்டிருந்தது. அண்ணி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "வாணி, அவரு பாட்ட ஒரு வாட்டி பாடும்மா."

கித்தார் இல்லை, கஹோன் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் தட்டிக்கொண்டு ரயில் பாட்டை ஆரம்பித்தேன். முதல் வரிக்கு என் குரல் மட்டும்தான். அதே வரி ரெண்டாவது தடவை வரும்போது வாசலில் போட்டிருந்த கூடாரம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. எத்தனை கல்யாணத்தில் கேட்டார்களோ... எல்லோருக்கும் மனப்பாடம்.

பாடி முடித்ததும் பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணைத் துடைத்தார். பெக்கான் நானாஸிலிருந்து வந்த குணாண்ணனின் தாய்மாமா. "அருமையான பாட்டும்மா. எந்தப் படத்துல வருது?"

"படம் இல்ல மாமா. குணாண்ணன் எழுதினது."

"நம்ம குணாவா?"

"ஆமா மாமா. வரி, மெட்டு எல்லாமே அவருதான்."

பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் எழுந்துபோய் வாய்க்கரிசி வரிசையில் நின்றார்.

"மாமா, நீங்க அப்பவே போட்டுட்டீங்களே" என்றார் அண்ணி.

"அது என் மருமகனுக்குப் போட்டதும்மா. இது பாட்டுக்காரனுக்கு."

போயிட்டு வாங்க குணாண்ணே.