டிக்கிக்குள் புரட்டாசி

வேம்புலி வீட்டில் ஆறு வருடமாகப் பன்னிரண்டு மாதமும் புரட்டாசிதான். அதனால்தான் உண்மையான புரட்டாசி பிறந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நினைவில்லாமல் போனது. வீட்டில் வருடம் முழுக்க வாயைக் கட்டி வைத்திருக்கிறவனுக்கு விரதநாள் எது, வெறும் நாள் எது என்று எப்படித் தெரியும்?

கொரட்டூர் மார்க்கெட்டில் அன்று கூட்டமே இல்லை. தராசுக்கு முன்னால் நின்றது அவர் ஒருவர்தான். அதைத் தன் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டார்.

"வா நைனா, உனக்காவத்தான் வெச்சிகினு கீறேன். எவனும் வர்ல இன்னிக்கு. அள்ளிகினு போ."

ஏன் எவனும் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. மீன்காரம்மாவும் சொல்லவில்லை. தலையோடு பெரிய இறால் ஒரு பை, மத்தி ஒரு பை. இரண்டையும் ஐஸ்கட்டி போட்டுக் கட்டி வாங்கி, காரின் டிக்கியில் வைத்து, ஓங்கி அடித்துச் சாத்தினார். போன மாதம் சிக்னலில் ஒரு ஷேர் ஆட்டோ பின்னால் இடித்து, அதை எவனிடமோ மலிவாகத் தட்டி நிமிர்த்திய பிறகு, அந்த டிக்கி அடித்தால்தான் சாத்திக்கொள்ளும்.

வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புச் சாமான்களுக்குப் பெயின்ட் பூசும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். முப்பது வருடத் தின்னர் நெடியில் அவருடைய மூக்கு செத்துவிட்டது. மல்லிகையும் சாக்கடையும் அவருக்கு ஒன்று. திருமுல்லைவாயிலில் அவருடைய அப்பா கீரை போட்ட நிலத்தில் இப்போது நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. நிலத்துக்குப் பங்காக வந்தது முதல் மாடியில் ஒரு வீடு. இதில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. சேற்றில் நின்று கால் வெடித்தவர்களுக்குச் சேற்றின் மேல் காதல் வருவதில்லை. லிஃப்ட் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

மற்ற வீடுகளை வாங்கியவர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலை. வந்த வருடமே சங்கம் வைத்தார்கள். சங்கம் வைத்ததும் விதி வேண்டும் அல்லவா? முதலில் அசைவம் சமைத்தால் வாசனை வெளியே வரக் கூடாது என்றார்கள். பிறகு சமைக்கவே கூடாது என்றார்கள். பிறகு கட்டடத்துக்குள் கொண்டுவரவே கூடாது என்று லிஃப்டில் காகிதம் ஒட்டினார்கள். அந்தத் தீர்மானத்துக்கு முதலில் கை தூக்கியது வேம்புலியின் மனைவி சரசா.

அவள் கை தூக்கியதற்குக் கிடைத்த பலன் ஒரே ஒரு சொல். அதுவரை அவளை எல்லோரும் 'சரசாக்கா' என்று கூப்பிட்டார்கள். தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல, வேலைக்கு ஆள் விசாரிக்க அந்த அக்கா உதவினாள். கூட்டம் முடிந்த மறுநாள், செயலாளர் ஸ்ரீநாத்தின் மனைவி ஹேமாவதி, வெள்ளிக்கிழமைக் குங்குமத்தை நீட்டி, "எடுத்துக்கோங்க மாமி" என்றாள். சரசா அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வைத்துப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவளுடைய பேச்சு மாறியது, புடவைக் கட்டு மாறியது, சாம்பாரில் பெருங்காயம் கூடியது. "நாங்கள்லாம் எப்பவோ விட்டுட்டோம்" என்று கேட்காதவர்களிடமும் சொன்னாள். ஒன்றை மட்டும் அவளுக்காகச் சொல்ல வேண்டும்: அவள் உண்மையிலேயே விட்டுவிட்டாள்.

வேம்புலியால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஓவர்டைம் என்று குடியிருப்பில் சொல்லி வைத்திருந்தாள் சரசா. ஓவர்டைம் மண்ணூர்பேட்டையில், தங்கை எழிலரசியின் வீட்டில் நடக்கும். சாப்பிட்டுத் திரும்பியதும் அவர் கார் நிறுத்துமிடத்துக் குழாயில் வாய் கொப்பளித்து, எலுமிச்சம்பழத் தோலை விரலில் தேய்த்து, மாடி ஏற வேண்டும். கதவைத் திறக்கும் முன் சரசா சங்கிலி இடுக்கு வழியாக அவருடைய விரல்களை முகர்ந்து பார்ப்பாள். தன் அப்பன் நிலத்தின் மேல் நின்று ஐம்பத்தேழு வயது மனிதர் கையை நீட்டிக் காட்டுவார். இதில் வெட்கப்பட ஏதாவது இருக்கிறது என்று இருவருக்கும் தோன்றவில்லை. பழகிவிட்டால் எதுவும் தோன்றாது.

அன்று எழிலரசி வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தபோது அவள் ஈரத்தலையில் துண்டோடு வந்தாள்.

"டிக்கில எறாலு கீது எழிலு. தலையத் தூக்கிப் போடாம தொக்கு பண்ணு."

"ஐயோ, நீ இன்னா மனுசண்ணே? புரட்டாசி பொறந்து அர நாளு ஆவல. ஊடு கழுவி, சட்டியெல்லாம் பரண் மேல ஏத்திட்டுக் குந்திகினு கீறேன். எறாலாம் எறாலு!"

"இன்னிக்கா பொறந்துச்சு?"

"ஏன், உங்க ஊட்ல காலண்டர் இல்லியா? அண்ணி சொல்லல?"

"எங்க ஊட்ல எப்பவும் அப்பிடித்தானே கீது. எனக்கு இன்னா தெரியும்?"

எழிலரசி சிரிக்கத் தொடங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எதிர் ஊட்டு மேரிம்மா கிட்ட குட்த்துட்டுப் போ. அவங்களுக்கு இன்னா புரட்டாசி."

அவர் காருக்குள் கை விட்டு, சீட்டுக்குக் கீழே இருந்த டிக்கி நெம்புகோலை இழுத்தார். அது பிடிப்பில்லாமல் தொளதொளவென்று ஆடியது. சாவியைப் போட்டுத் திருப்பினார். சாவி சுற்றியது, டிக்கி அசையவில்லை. மூடியை ஒருவர் அழுத்த ஒருவர் நெம்புகோலை இழுத்தால் திறக்கும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது.

"ஒரு கை புடி எழிலு."

"நான் தொட மாட்டேன்பா. தலைக்குக் குளிச்சிட்டேன்."

பசியோடு திரும்பினார். கார் நிறுத்துமிடத்தில் டிக்கி மேல் ஏறி உட்கார்ந்து, உடம்பால் அழுத்திப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஹேமாவதி வந்தாள்.

"என்ன மாமா, கார் மேல உக்காந்திருக்கீங்க?"

"காத்து வாங்கறேம்மா."

மெக்கானிக் லோகேஷுக்குப் போன் செய்தார். "ஞாயித்துக்கெழம எவன் நைனா கட தொறப்பான்? நாளைக்கி சாயங்காலம் வரேன். உள்ள இன்னா கீது, பொணமா?" என்றான் அவன். ஸ்டெப்னிதான் என்றார். சரசாவிடம் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் காரின் பின்பக்கம் குனிந்து மூக்கை வைத்துப் பார்த்தார். ஒரு நாற்றமும் இல்லை. அவருடைய மூக்குக்கு இருக்காது என்பது அவருக்கு உறைக்கவில்லை. நிம்மதியாகக் கம்பெனி பஸ் ஏறினார்.

புரட்டாசி வெயில் சித்திரையை விட மோசமானது. அது மழைக்கு முந்தைய புழுக்கத்தோடு வரும். மத்தியானத்துக்குள் நான்கு மாடிக்கும் நாற்றம் ஏறியது. மூன்றாம் மாடியில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. ஆட்கள் கீழே இறங்கி, சாக்கடை மூடியைத் திறந்து பார்த்து, தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்து, கடைசியில் ஈக்களைப் பின்தொடர்ந்து வேம்புலியின் கார் முன் வந்து நின்றார்கள். டிக்கியின் அடியிலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

சரசா போன் செய்து, வேம்புலி லோகேஷையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, பத்துப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சரசா அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள்.

"இன்னா வெச்சிகீற உள்ள?"

ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து பழைய பேச்சு வந்தது.

"எறாலு. மத்தி."

"பாவி மனுசா. வர்ற சனிக்கெழம மாவெளக்கு நான் ஏத்தணும்னு சொல்லிகீறாங்க. என்ன ஏத்தச் சொல்லிகீறாங்க! தொறக்காத. வண்டிய எட்த்துகினு எங்கனா போய்டு."

அவர் சாவியோடு நகர்ந்தார். காருக்குக் குறுக்கே ஸ்ரீநாத் நின்றான். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். கழுத்தில் ஹெட்போன், மூக்கில் இரண்டு முகக்கவசம்.

"சார், தப்பா நினைக்காதீங்க, இங்கேயே தொறந்துடுங்க. எலி செத்திருந்தா வயரையும் கடிச்சிருக்கும். ஸ்டார்ட் பண்ணி நெருப்பு கிருப்பு பிடிச்சா எல்லா வண்டிக்கும் ஆபத்து."

"ஆமா மாமி, எலியாத்தான் இருக்கும்" என்றாள் ஹேமாவதி.

எலி என்று அவர்களாகவே சொன்னார்கள். சரசா அதைப் பற்றிக்கொண்டாள். "எலிதான்மா. ரெண்டு நாளா கீச்சு கீச்சுனு சத்தம் கேட்டுச்சு."

லோகேஷ் பின்சீட்டைக் கழற்றினான். சாய்மானத்தை இழுத்ததும் உள்ளேயிருந்த காற்று வெளியே வந்தது. பத்துப் பேரும் ஒரே சமயத்தில் பின்வாங்கினார்கள். அவன் சட்டையை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டு, டார்ச்சைக் கவ்வியபடி இருட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்தான். இரண்டு தடவை ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்க்ரூடிரைவர் லாக்கில் உரசும் சத்தம். டொக் என்று டிக்கி எழும்பியது.

பைகள் வெடித்திருந்தன. ஸ்டெப்னிக் குழியில் சாம்பல் நிறக் குழம்பு தேங்கி, அதன் மேல் எண்ணெய் போல ஒரு பளபளப்பு. இறால்கள் உருவம் கரைந்து, கறுத்த தலைகள் மட்டும் மிதந்தன. மத்தியின் வயிறு பிளந்து, ஜாக்கியின் மேல் வழிந்திருந்தது. டூல்ஸ் சுற்றிய துணியில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது.  ஈக்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.

ஸ்ரீநாத் முகக்கவசத்தை இறக்கி ஒரு தடவை மூச்சை இழுத்தான். ஆராய்ச்சி செய்கிறவனைப் போல.

"இது எலி இல்ல. எலின்னா இனிப்பா ஒரு நாத்தம் வரும். இது இறால். தலையை எடுக்காம வெச்சா தலைதான் முதல்ல கறுக்கும். கூட மத்தியும் இருக்கு."

சரசா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

ஹேமாவதி தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபத்தோடு அல்ல, வெறும் சந்தேகம் கேட்கிறவளாக. "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

 கூட்டத்தில் இன்னும் மூன்று நான்கு பேர் அப்போதுதான் தலையாட்டத் தொடங்கியிருந்தார்கள். தலைகள் பாதியில் நின்றன. ஒருவர் வானத்தைப் பார்த்தார். இன்னொருவர் தன் போனைப் பார்த்தார். இறால் என்று சொல்ல வேண்டுமானால் இறாலைத் தெரிந்திருக்க வேண்டும். அந்த விதியை லிஃப்டில் யாரும் ஒட்டவில்லை.

"இல்ல... ஆபீஸ்ல... கேன்டீன்ல பக்கத்து டேபிள்ல..." என்றான் ஸ்ரீநாத். பிறகு குரலைச் சரி செய்துகொண்டான். "எலியாகவும் இருக்கலாம். ஊறிப்போனா சொல்ல முடியாது."

"எலிக்கும் மீசை கீது, எறாலுக்கும் மீசை கீது" என்றான் லோகேஷ், முகத்தைத் துடைத்தபடி. "இன்னா எழுதிக்கணுமோ எழுதிக்கோ சார். என்னைக் கழுவச் சொல்லாத."

"நீங்க சொல்லுங்க சார், எலிதானே?" என்று ஸ்ரீநாத் வேம்புலியைக் கேட்டான். அது கேள்வியாக இல்லை. கெஞ்சல் போலவும் இருந்தது, மிரட்டல் போலவும் இருந்தது.

வேம்புலி சரசாவைப் பார்த்தார். அவள் உதடுகள் மட்டும் அசைந்தன.

"எலிதான்" என்றார்.

பெருமூச்சுகள் எழுந்தன. பினாயில் வந்தது, பிளீச்சிங் பவுடர் வந்தது. வேம்புலி தனியாக நின்று, தகரத்தால் அந்தக் குழம்பை வழித்து, சாக்குப்பையில் போட்டார். எல்லோரும் இரக்கத்தோடு பார்த்துவிட்டு மாடி ஏறினார்கள். போகிற போக்கில் ஹேமாவதி, "மாமி, சனிக்கிழமைக்கு வெல்லம் நான் வாங்கிடறேன்" என்றாள். குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் செய்தி வந்தது: செத்த எலி அகற்றப்பட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

சாயங்காலம் அவர் இரண்டு தடவை குளித்துவிட்டு வந்தபோது சரசா தட்டு வைத்தாள். அவள் முகத்தில் பல வருடமாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது. மாமி என்ற சொல் அவளிடமே இருந்தது. கூடுதலாக ஸ்ரீநாத்தும் இப்போது அவள் கையில் இருந்தான்.

"அடுத்த மாசம் எழிலு ஊட்டுக்குப் போறப்ப அந்தாளையும் கூட்டினு போயேன்" என்றாள். கதவு சாத்தியிருந்ததால் பழைய பேச்சு. "பாவம், கேன்டீன்ல ஒளிஞ்சி துன்றான்."

"அவன் கூடக் குந்தி என்னால துன்ன முடியாது. கொமட்டும்."

"ஏன், நீ மட்டும் இன்னா யோக்கியம்? எலின்னு சொன்னது யாரு?"

அவர் சாம்பாரைச் சோற்றில் விட்டுப் பிசைந்தார். ஒரு கவளம் எடுத்து, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"கை நாறுதா?" என்றாள் சரசா. எட்டி, அவருடைய விரல்களைப் பிடித்து முகர்ந்தாள். "ஒண்ணும் இல்லியே. துன்னு."

ஆறு வருடமாக நீட்டிக் காட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டு எழுந்தார்.