பாதி உயிருள்ள எட்டுச் சில்லுகள்

வெனியமின் லூக்கிச்சுக்கு ஐம்பத்து மூன்று வயது. சோவியத் நாட்டின் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரில் ஒரு தொழிற்சாலையில் அளவுமானிகளைச் சரிபார்க்கிற வேலை, முப்பது வருஷமாக. நல்ல கைவேலைக்காரன், பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது. அடுத்தவர் ஒரு பேச்சைத் தொடங்கினால் இவன் முடித்துவைப்பான். அந்தக் குணத்தை என்ன சொல்லித் திட்டுவது!

மனைவி நோன்னா டிராம் பணிமனையில் வண்டிகளை நேரம் பார்த்து அனுப்பியவள். அவள் வாய்க்குப் பயப்படாத ஓட்டுநர் இல்லை. போன வருஷம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து விழுந்தாள். பேச்சு போயிற்று, கைகால் போயிற்று. இடது ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம். எல்லாம் புரியும், சொல்லத்தான் முடியாது என்றார் டாக்டர். வெனியமின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வான். வேண்டிய எழுத்து வந்ததும் அவள் விரலைத் தட்டுவாள். ஆனால் முதல் எழுத்து வந்ததுமே இவன், "தண்ணியா? தலகாணியா?" என்று பாய்ந்துவிடுவான். ஒருநாள் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு விரல் தட்டவே இல்லை.

அப்போதுதான் மனுஷனுக்கு உறைத்தது. குறுக்கே பேசாத ஓர் ஆள் வேண்டும், அது இயந்திரமாகத்தான் இருக்க முடியும். தொலைக்காட்சித் திரையில் எழுத்துகள் வரிசையாக ஒளிர வேண்டும், அவள் ஒரே பொத்தானை அழுத்தி வேண்டிய எழுத்தை எடுக்க வேண்டும். எண்பதுகளின் கடைசி அது, அங்கே கடையில் கணினி ஏது? வேண்டியவர்கள் எல்லாம் வெளிநாட்டு மாதிரியைப் பார்த்து வீட்டில்தான் செய்தார்கள். ஞாயிறுதோறும் மின்சார ரயிலேறி உதிரிபாகச் சந்தைக்குப் போனான். பழைய ரேடியோவின் மின்மாற்றி, உடைந்த கால்குலேட்டரின் பொத்தான்கள், பத்துக் கை மாறிய மின்சுற்று வரைபடம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தொழிற்சாலை, சமையல், அவளைப் புரட்டித் துடைப்பது, அப்புறம் சாலிடரிங். எட்டு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டான்.

நினைவகச் சில்லு எட்டு வேண்டும். முழுசானது யானை விலை. அதனால் எல்லாரும் வாங்குவது ஆலை கழித்த சரக்கு. ஒரு பாதி செத்திருக்கும், மறுபாதி வேலை செய்யும். மேல்பாதி உயிரோடிருந்தால் வெள்ளைப் பொட்டு, கீழ்ப்பாதி என்றால் மஞ்சள் பொட்டு வைத்திருப்பார்கள். எட்டும் ஒரே பாதியாக இருந்தால்தான் இயந்திரம் ஓடும்.

ஓடவில்லை. திரை முழுக்கக் கோடு கோடாக வந்தது. வரைபடத்தைத்தான் சந்தேகித்து இரண்டு வாரம் மாரடித்தான். கடைசியில் வேலையிடத்து நண்பன் பரீத்தைக் கூட்டிவந்தான். அவனும் வீட்டில் ஒன்று செய்து வைத்திருந்தவன்.

"யோவ் லூக்கிச், சில்லெல்லாம் எந்த வெளிச்சத்துல பொறுக்கின?"

"சமையலறை பல்புலதான்."

"போச்சு போ! ஏழு வெள்ளை, ஒண்ணு மஞ்சள். மஞ்ச பல்புல எல்லாம் வெள்ளையாத்தான்யா தெரியும். கழட்டி மாட்டற சாக்கெட்டும் வைக்காம நேரா சாலிடர் வேற பண்ணிருக்க."

"சாக்கெட்டு எங்க கெடைக்குது? போதும்பா, அலுத்துப்போச்சு. தூக்கி ஜன்னல் வழியா வீசிடறேன்."

"வீசு, வீசு. டிவிய மட்டும் கழட்டிக்கோ, நல்ல டிவி."

அப்படிக் கிண்டலடித்தவன்தான் மறுநாள் தன் இயந்திரத்திலிருந்தே ஒரு வெள்ளைப் பொட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். மஞ்சள் சில்லின் பதினாறு கால்களிலும் ஈயத்தை உருக்கிக் கழற்றுவதற்குள் வெனியமினின் கண்ணில் நீர் கொட்டியது. புகையாம். யார் நம்புவது?

கோடுகள் போய்ப் படம் நிலையாக நின்றது. டேப் கேசட்டிலிருந்து எழுத்துகளுக்கான நிரல் ஏறியது. பொத்தானை நோன்னாவின் விரலடியில் வைத்தார்கள். எழுத்துகள் ஒருமுறை சுற்றின, இரண்டுமுறை சுற்றின. அவள் அசையவில்லை. மூன்றாவது சுற்றில் விரல் அமுங்கியது.

மூன்று எழுத்து சேர்ந்ததும் வெனியமின் வாயைத் திறந்தான். பரீத் அவன் காலை ஓங்கி மிதித்தான்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாலு வசவாவது வரும் என்று வெனியமின் ஆசையோடு காத்திருந்தான். திரையில் வந்தது இதுதான்:

"இந்தப் பக்கம் திரும்பி உக்காரு. எட்டு மாசமா உன் முதுகுதான்."

அவன் சாலிடர் பண்ணிய மேசை ஜன்னலோரம், கட்டில் அவனுக்குப் பின்னால். பரீத் சத்தமில்லாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வெனியமின் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளைப் பார்த்து உட்கார்ந்தான். ஆயிரம் சொல்ல வந்தது. ஆனால் அவள் விரலைப் பார்த்தபடி அடுத்த எழுத்துக்குக் காத்திருந்தான்.