திருப்பி மாட்டிய பல்பு

இன்று சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி வியாபாரி வீட்டில் என் குறும்பு பிரகாசமாக எரிந்தது. புகைகிறவன் நான்தான்.

வயரிங்கைச் சோதிக்கும்முன் எல்லா பல்புகளையும் கழற்ற வேண்டும். ஒன்று மிச்சமிருந்தாலும் கையால் சுற்றும் மெக்கர் என்ற சோதனைக் கருவியின் முள் பூஜ்யத்தில் படுத்துவிடும். நல்ல வயரிங்கும் கெட்டதாகத் தெரியும்.

என்னோடு வேலை பழகும் வேலாயுதன் பன்னிரண்டையும் கழற்றினான். இன்று தேறினால் அவன் வயர்மேன். அவன் மெக்கர் எடுக்கப் போனபோது கடைசி அறையில் ஒன்றைத் திருப்பி மாட்டினேன். அவன் முழிப்பதை ரசித்துவிட்டுச் சொல்வதாக எண்ணம்.

அவன் கைப்பிடியைச் சுற்றும்போதே எங்களுக்குச் சோதனை வைக்கும் மேஸ்திரி வந்து முள்ளைப் பார்த்துவிட்டார்.

"எந்தாடா இது, லைன் முழுக்க ஷார்ட்டா? இன்னும் ஆறு மாசம் நின்னு படி."

நான் குனிந்து தரையில் கிடந்த வயர்த் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

மேஸ்திரி போனபின் வேலாயுதன் அறை அறையாகத் தேடிப் பல்பைக் கண்டுபிடித்தான்.

"மக்கா, இத நான்தாம்ல கழத்த மறந்திருக்கேன். நாளைக்கு ஒன் சோதனையில நீயாவது பாத்துக்க" என்றான்.

விடிவதற்குள் சொல்லியாக வேண்டும். முதலில் அவனிடமா, மேஸ்திரியிடமா? எங்கே அடி குறைவாக விழும் என்று அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.