பரளச்சியிலிருந்து காய்ச்சல் டாக்டரைத் தேடி

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகள் மெர்சி டாக்டருக்குப் படித்து முடித்த பிறகும் மூன்று வருடம் பொது மருத்துவம், அதற்கு மேலும் மூன்று வருடம் தொற்றுநோய் என்று படித்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை பெயிலாகிப் பெயிலாகித் திரும்ப எழுதுகிறது என்றே ஊரில் சொல்லிவைத்திருந்தேன். எட்டாவதோடு நின்றவனுக்கு வேறென்ன தோன்றும்?

கார்த்திகை மழை விட்ட வாரம் என் மனைவி ரோசம்மாவுக்குக் காய்ச்சல். உள்ளூரில் ஊசி, அருப்புக்கோட்டையில் குளுக்கோஸ், எதற்கும் மசியவில்லை. ஒரு வாரம் ஆனதும் பேச்சு குழறியது. மதுரை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மெர்சிக்குப் போன் போட்டேன்.

“மாமா, உடனே மதுரைக்குக் கெளம்பி வாங்க” என்றாள்.

பரளச்சியில் காலை ஆறரைக்கு பஸ். அருப்புக்கோட்டைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கிருந்து மதுரை ஐம்பது கிலோமீட்டர். தோளில் சாய்ந்திருந்தவளின் சூடு சட்டையைத் தாண்டிச் சுட்டது.

“மெதுவா போனா டீசல் மிச்சமாண்ணே?” என்று டிரைவரைச் சீண்டினேன்.

“அவுகளுக்கு முடியலேல்ல. குலுக்காமப் போறேன், பேசாம வாங்க” என்றார். பேசாமல் வருவதுதான் எனக்குப் பெரும்பாடு.

ஆஸ்பத்திரியில் மெர்சி ஊசியை எடுக்கவே இல்லை. “வீட்டுல எலி இருக்கா? வேலிக்கருவை முள்ளு வெட்டப் போனீகளா அத்தை?” என்று கேட்டுக்கொண்டே போனாள்.

“ஏத்தா, வைத்தியம் பாக்கவா, பொண்ணு பாக்கவா?”

“நீங்க வெளிய இருங்க மாமா.”

இருந்தேன். வெகு நேரம் கழித்து வந்தாள். ரோசம்மாவுக்குப் பாவாடை நாடா கட்டும் இடத்தில், பீடியால் சுட்டதுபோல் கறுப்பாய் ஒரு பொருக்கு. புதரில் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்த இடமாம்; காய்ச்சலே அதனால்தானாம். நாடா அறுத்த புண் என்று நினைத்து ரோசம்மா அதில் மஞ்சளை அப்பி வைத்திருக்கிறாள். அந்த இடத்தை எந்த டாக்டருக்கும் காட்டவுமில்லை.

“மாத்திரை இருக்கு மாமா. ஆனா லேட்டாயிருச்சு, மூச்சு வாங்குது.”

“பொழச்சிருவாளா?”

“இப்பச் சொல்ல முடியாது.”

அத்தனை வருடம் படித்தவளே அப்படிச் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் சூடு இறங்கியது. கண் விழித்தவள், “மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் சொன்னீகளா?” என்றாள். நான் முகம் கழுவப் போய்விட்டேன்.

நீங்கள் இப்படிக் காய்ச்சலோடு டாக்டரிடம் போனால், முன்பு கொடுத்த மருந்துச் சீட்டுகளை எடுத்துப் போங்கள். காட்டுக்குப் போனதைச் சொல்லுங்கள். உடம்பில் எங்கே புண் இருந்தாலும் வெட்கப்படாமல் காட்டுங்கள்.

அடுத்த வாரம் ஊர் திரும்பினோம். அருப்புக்கோட்டையில் பஸ் ஏறியதுமே நான் தூங்கிவிட்டேன். பரளச்சியில் ரோசம்மா, நான் பின்னால் வருகிறேன் என்று நினைத்து, பையைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள். என்னைக் கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் எழுப்பினார். அன்றைக்கு ஊர் திரும்ப அதற்குமேல் பஸ் இல்லை.