அட்டென்ஷனில் நின்ற நிஜார்

போன வாரம் லாண்டரியிலிருந்து வந்த வேட்டியைப் பிரித்தேன். அப்பளம் உடைகிற சத்தம்; கூடவே கஞ்சி வாசனை. மற்றவர்களுக்கு மல்லிகை மணந்தால் பழைய காதலி நினைவுக்கு வருவாளாம். எனக்குக் கஞ்சி மணந்தால் ஒரு போலீஸ் ஏட்டு வருகிறார். உடனே அவரை அடிக்கக் கை துறுதுறுக்கிறது. காதலி அவருக்குப் பின்னால்தான் வருவாள், அதுவும் அவர் அனுமதித்தால்.

நம் நாட்டில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது என்பவர்கள் என் நைனாவைப் பார்த்ததில்லை. நகரியில் எங்களுக்குத் தறி இருந்தது. நான் உட்கார்ந்தால் பாவு நூல் அறுந்துவிடும்.

"நீ போலீசுல சேந்துடுடா. அங்க அறுக்கறதுக்கு ஒண்ணியும் இல்ல" என்றார் நைனா.

ஆந்திர ராஜ்யம் பிறந்திருந்த புதிது. எல்லைத் தகராறுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மார்பு அளக்கும்போது நைனா பக்கத்திலேயே நின்று, "இன்னும் இழுடா மூச்ச" என்று அதட்டினார். அன்று இழுத்த மூச்சை விட எனக்கு வெகுகாலம் பிடித்தது.

சித்தூர் ஆயுதப்படை லைன்ஸில் விடிந்தும் விடியாமலும் விசில். செம்மண் மைதானத்தில் ஓட்டம், ராகிக் களி, வேர்க்கடலைத் துவையல், மறுபடி ஓட்டம். 'ஸ்டாண்ட் அட் ஈஸ்' சொல்லும்போது மட்டும் சரசாவை நினைத்துக்கொள்ளலாம். திருத்தணி மாமாவின் பெண். என் நடையைப் பார்த்தாலே சிரிப்பவள். 'லெப்ட் ரைட்' போடும்போது அவள் பார்த்தால் எப்படிச் சிரிப்பாள் என்று தோன்றி எனக்கும் சிரிப்பு வந்துவிடும். மைதானத்தில் சிரித்தவனுக்குத் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இன்னொரு சுற்று. அவளை நினைத்து நான் இளைத்தது இப்படித்தான்.

ஆடி பிறந்ததும் சரசாவின் அண்ணன் லைன்ஸ் வாசலுக்கே வந்துவிட்டான்.

"திருத்தணிய மதராசோட சேக்கணும்ன்ற எங்க நைனா, ஆந்திரா போலீசுக்கா பொண்ணுன்னு கத்திக்கினு கீறாரு. கிருத்திகைக்குள்ள நீயே நேர்ல வந்து கேட்டுடு. இல்லாங்காட்டி அரக்கோணத்துக்காரனுக்குக் குட்துடுவாரு."

"சரசா இன்னா சொல்றா?"

"அவ இன்னா சொல்லுவா? உன்ன மாதிரி நடந்து காட்டிட்டு அழுவுறா."

எங்கள் ஏட்டு புத்தலப்பட்டுக்காரர். தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் விடுமுறை கேட்டால் மட்டும் மறந்துபோகும்.

"ஐயா, மாமா பொண்ணு விஷயமா ஊருக்குப் போவணும்."

"செலவு லேது. போரா."

தமிழில் செலவு என்றால் காசு போவது. தெலுங்கில் ஆள் போவது, அதாவது விடுமுறை. எனக்கு இரண்டுக்கும் வழியில்லை. மறுநாளும் கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டு அதையே சொன்னார்.

அன்றிலிருந்து பழிவாங்குவது என் முழுநேர உத்தியோகமாயிற்று. பூட்ஸுக்குள் தேள் விடலாம். தேளைப் பிடிக்க எனக்குப் பயம். மோரில் பேதி மருந்து கலக்கலாம். அவர் மிச்சம் வைக்கும் மோர் எங்களுக்குத்தான் வரும். இந்த யோசனையில் இருந்தபோதுதான் கடவுளே அவர் நிஜாரை என் கையில் கொடுத்தார். பெரிய அதிகாரி பரேடு பார்க்க வருகிறார், துவைத்துக் கஞ்சி போடு என்று உத்தரவு.

தறிக்காரன் மகனிடமா கஞ்சியைக் கொடுப்பது? பாவுக்குக் காய்ச்சுவதைவிடக் கெட்டியாகக் காய்ச்சி, தோய்த்துக் காயவைத்து, மறுபடி தோய்த்தேன். காய்ந்ததும் தரையில் வைத்தால் நிஜார் தானாக நின்றது. சத்தியவேட்டிலிருந்து வந்து என்னோடு சேர்ந்த முனுசாமி ஓடிவந்து பார்த்தான்.

"டேய், ஏட்டு உள்ள இல்லாமயே அட்டென்ஷன்ல நிக்கிதுடா!"

பரேடில் ஏட்டு வாத்துபோல் நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் தொடை உரசி முகம் கோணிற்று. வாழ்க்கையில் நான் பார்த்த அழகான காட்சிகளில் அதற்குத்தான் முதலிடம். அதிகாரி அவர் முன்னால் வந்து நின்றார். நிஜாரை விரலால் தட்டிப் பார்த்தார். டக் டக் என்றது.

"எவர்ரா இதி உதிகிந்தி?" துவைத்தது யார் என்கிறார்.

ஏட்டு பல்லைக் கடித்துக்கொண்டு என்னைக் காட்டினார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"சபாஷ்! அந்தரிவீ வீடே உதகாலி!"

எல்லோருடையதையும் இவனே துவைக்க வேண்டுமாம். கிருத்திகை அன்று திருத்தணி மலைக்குக் காவடிகள் போய்க்கொண்டிருக்க, நான் சித்தூரில் அண்டா நிறையக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். ஏட்டு பக்கத்தில் வந்து நின்று, ஞாபகம் வந்துவிட்ட தமிழில், "நல்லா கிண்டுடா மாப்ள" என்றார்.

சரசா அரக்கோணம் போனாள். பிறகு எல்லைத் தீர்வில் திருத்தணியும் மதராஸ் பக்கம் போயிற்று. நான் மட்டும் இந்தப் பக்கம்.

போலீஸ் உத்தியோகத்தை உதறிய பிறகு, ஒரு நாள் சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். புத்தலப்பட்டில் ஏட்டு ஏறினார். மீசை நரைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு. என் பக்கத்து இடம் மட்டும்தான் காலி. அதில் துண்டை விரித்தேன்.

"எவரன்னா ஒஸ்தாரா?" யாராவது வருகிறார்களா என்று பணிவாகக் கேட்டார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"எம் பொண்டாட்டி வர்றா" என்றேன். அப்போது எனக்குப் பொண்டாட்டியே கிடையாது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடியபடி நின்றார். எனக்கு மனசாட்சி உறுத்தும் என்று காத்திருந்தேன். சந்திரகிரிதான் வந்தது. திருப்பதி வரை அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. உட்கார வேண்டியவள் அரக்கோணத்தில் இருந்தாள்.

அந்தப் பஸ் இப்போது ஓடுவதில்லை. ஏட்டு செத்துப்போய்விட்டார் என்று முனுசாமி சொன்னான். என்னிடம் அந்தப் பழியில் இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.