சிவப்பு தொலைந்த மொனிட்டர்

நேற்று மகளின் மடிக்கணினித் திரை மஞ்சளாகத் தெரிந்தது. பழக்கதோஷத்தில் அதன் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். "அடிக்காதீங்கம்மா, செட்டிங் மாத்துனா போதும்" என்று எங்கேயோ விரலை வைத்தாள், வெள்ளை வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கணினியின் நிறம் கெட்டால் நாலு பேராவது கூடி நிற்க வேண்டாமா?

உக்குவளையில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில் அப்படித்தான் நின்றோம். பக்கத்துக் கடை முழுக்கக் கிராம்பு மூட்டைகள், வாசம் எங்கள் கணினி வரைக்கும் வரும். பிரியாணிச் சட்டியைத் திறந்ததும் கணினி ஞாபகம் வருகிற ஆள் இந்த மாத்தளையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெரிய பெட்டி போன்ற மொனிட்டர் அது. ஒருநாள் காலையில் அதில் சிவப்பைக் காணவில்லை. மணப்பெண்கள் எல்லாரும் பாசி பிடித்தவர்கள் போல இருந்தார்கள்.

முதலாளி நிசார் நானா மேசையைக் கிழக்கே திருப்பிப் பார்த்தார். சுவரின் பச்சைதான் கண்ணாடியில் விழுகிறது என்று ஒரு ஞாயிறு முழுக்க வெள்ளையடித்தோம். ரேடியோ திருத்தும் பாஸ் வந்து, "டியூப் போயிருச்சு நானா" என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார். கிராம்புக் கடை அக்கா, கண்ணூறு என்று வாசலில் தேசிக்காய் கட்டினார். நானா அதை அவிழ்த்து எல்லாருக்கும் சர்பத் கரைத்தார்.

மற்ற வேலைகளை நிறுத்திவைக்கலாம். என் படத்தை முடியாது. மாத்தளைக்கு அந்தப் பக்கம் நாலந்தாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்தார்கள். முன்பு வந்த இரண்டு இடமும் நான் நிறம் போதாதென்று நின்றுபோனதில், அம்மா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

நானா படத்தைத் திறந்தார். "என்னா தங்கச்சி, பாசிப்பயறு மாதிரி இருக்கீங்க" என்று சிவப்பைக் கூட்டினார். திரையில் முகத்தின் நிறம் அசையவில்லை. மேலும் கூட்டினார். இனிக் கூட்ட இடமில்லை என்றானதும், அச்சுப் போட மாத்தளைக்கு அனுப்பினார். அங்கிருந்தே தரகர் அதை நாலந்தாவுக்குக் கொண்டுபோய்விட்டார். நாங்கள் பார்க்கவேயில்லை.

சில நாளில் கடைக்கு ஒருவர் வந்தார். கையில் என் படம், செங்கல் நிறத்தில்.

"நாலந்தாவுல இருந்து வாறேன். பொண்ணுக்குக் காய்ச்சலான்னு எங்கம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

மாப்பிள்ளையேதான். நானா பதறிப்போய்த் திரையில் படத்தைக் காட்டினார். அங்கே நான் பச்சை. வந்தவர் அச்சுப் படத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுல எதுங்க நீங்க?"

எனக்கு அந்நியரிடம் நேரம் கேட்கக்கூட வாய் வராது. மொனிட்டருக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன். சும்மா குனிந்திருந்தால் நன்றாயிராதே என்று கைக்கு அகப்பட்ட கணினி வயரின் பிளக்கைப் பிடித்து அழுத்தினேன். அதுதான் இத்தனை நாளும் லேசாகக் கழன்றிருந்திருக்கிறது.

"வந்திருச்சு, செவப்பு வந்திருச்சு" என்றார் நானா. திரையிலும் என் முகம் செங்கல்லாகிவிட்டது. அவருக்கோ தாங்க முடியாத சந்தோஷம். "இப்ப ரெண்டும் ஒண்ணு பாருங்க தம்பி. இதுதான் புள்ளைட அசல் கலர்."

மாப்பிள்ளை நம்பிவிட்டவர் போலத் தலையாட்டினார். அதுதான் பயமாகப் போய்விட்டது.

"இல்லீங்க" என்றேன் பின்னாலிருந்தே. "நான் கறுப்புங்க."

வந்தவர் கையிலிருந்த படத்தை மேசையில் கவிழ்த்துவைத்தார்.

"அப்ப வெளிய வாங்க, பார்த்துட்டுப் போறேன். நான் மட்டும் என்னா, வெயில்ல மொளகு காயப்போடுற ஆளு."

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. நேற்று மகள் தன் கைப்பேசியில் எங்கள் மூவரையும் ஒரு படம் எடுத்தாள். மூவரும் பால் வெள்ளை. மிளகுக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல எது நீ?" என்றார்.

இந்தத் திரைகளெல்லாம் ஒரு விரல் தடிப்புக்கூட இல்லை. பின்னால் போய் ஒளிய இடமே கிடையாது.